மெயில் சேர்வரில் வெளியார் ரிலே செய்வதை நிறுத்துவது: போஸ்ட்ஃபிக்ஸுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மெயில் சேர்வரை இயக்கும் நிரலான போஸ்ட்ஃபிக்ஸை நிறுவியபடியே விட்டுவைத்தால் அது முன்பின் தெரியாத ஆளுக்கு ரிலே செய்யாது, அதாவது அவருடைய மெயிலை வேறொரு டொமைனுக்குக் கடத்திவிடாது. வெளியார் புகுந்து குப்பை மெயில் அனுப்பிய சேர்வர் ஒன்றைக் கிளறிப் பார்த்தால், அடியில் பெரும்பாலும் ஒரு மனிதக் கை இருக்கும். போட்டோகொப்பி மெஷின் ஸ்கேனை மெயிலில் அனுப்ப மறுத்திருக்கும், அல்லது முதலாளியின் ஃபோனில் மெயில் போயிருக்காது, அல்லது மின்னலில் ரவுட்டர் எரிந்து புதியது பூட்டியிருப்பார்கள். அந்த அவசரத்துக்கு யாரோ ஒரு வரியைத் திறந்துவிட்டு, வேலை முடிந்தது என்று போயிருப்பார். சில நாளில் கல்முனைக் கந்தோரின் பெயரில் உலகமெல்லாம் மருந்து விளம்பரம் போகும். ஜிமெயிலுக்கு அனுப்பும் இன்வொய்ஸ் திரும்பி வரும். இணைய வேகம் விழும். அதன் பிறகுதான் நமக்கு ஃபோன் வரும்.

இந்த வழிகாட்டி உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸில் ஓடும் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்கொட் (மெயில்பெட்டிகளையும் கடவுச்சொற்களையும் பார்க்கும் நிரல்) சோடிக்கானது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்துச் சிறு கந்தோர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்: ஒரு நிலையான ஐபி, ஒரு ரவுட்டர், அதன் பின்னால் ஒரு சேர்வர், பத்துப் பதினைந்து பேர். அமைப்புப் பெயர்களை நாம் ஃபோனில் ஒருவருக்கொருவர் சொல்லும் விதத்தில் தமிழெழுத்தில் தருகிறேன். கோப்பில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில், சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே கீழ்க்கோட்டோடு வரும்.

சேர்வர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது

ஒரு மெயில் வந்ததும் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் பெறுநரைப் பார்க்கும். பெறுநர் நம் டொமைனில் இருப்பவர் என்றால் வாங்கிக்கொள்ளும். அனுப்புகிறவர் யார் என்பது அந்த இடத்தில் பொருட்டல்ல. பெறுநர் வெளியூர் டொமைன் என்றால்தான் ரிலே என்ற கேள்வி எழுகிறது: இதைக் கொண்டுவந்தவர் நம்மவரா? நம்மவர் என்று அறிய இரண்டு வழி உண்டு. ஒன்று, எந்த ஐபி முகவரியிலிருந்து வருகிறார் என்று பார்ப்பது. மற்றது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்பது.

என் கட்சி இரண்டாவது. முகவரியை நம்பும் பழக்கத்தை முழுதாகக் கைவிட்டால் திறந்த ரிலே என்ற நோயின் பாதிக்கு மேல் தானாகவே போய்விடும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு முடிவைச் சுற்றித்தான்.

1982இல், மெயில் கடத்தும் முறையை வகுத்த ஆர்எஃப்சி 821 ஆவணம் வெளிவந்த காலத்தில் யார் மெயிலையும் யாரும் கடத்திவிடுவது வழக்கமான உதவி. தொண்ணூறுகளில் குப்பை மெயில்காரர் அந்த உதவியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் எல்லாரும் கதவைச் சாத்தினார்கள். ஐபிஎம் ஆய்வுகூடத்தில் வீட்ஸ வெனெமா எழுதி 1998இல் வெளிவிட்ட போஸ்ட்ஃபிக்ஸ் அந்தக் காலத்தில் பிறந்தது. அதே காலத்துத் தடைப்பட்டியல்கள் (குப்பை அனுப்பும் ஐபிகளின் பட்டியல்கள்) சில இன்னும் பழைய அமைப்புக் கோப்புகளில் தொங்கிக்கொண்டிருக்கும். ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. 2008 மார்ச்சில், இன்னும் கேட்டுக்கொண்டிருந்த சேர்வர்களுக்கு உலகத்திலுள்ள எல்லா முகவரியும் குற்றவாளி என்று பதில் சொல்லத் தொடங்கியது. பழைய கோப்பை யாரிடமிருந்தாவது பிரதி எடுத்திருந்தால் அப்படிப்பட்ட வரிகளைத் தேடி எடுத்துவிடுங்கள்.

இப்போதே போய்க்கொண்டிருந்தால்: முதலில் வெளிப்போக்கை நிறுத்துங்கள்

சேர்வரை முழுதாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் உள்ளே வரும் மெயிலும் நின்று, கந்தோரில் எல்லாரும் உங்கள் தலைக்கு மேல் நிற்பார்கள். போஸ்ட்கொன்ஃப் கட்டளையால் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸ் என்ற அமைப்புக்கு எஸ்எம்டிபி என்ற மதிப்பைக் கொடுத்து, போஸ்ட்ஃபிக்ஸ் ரிலோட் செய்யுங்கள். வெளியே போகும் மெயில் வரிசையிலேயே தங்கிவிடும். உள்ளே வருவது வழமைபோல வந்து சேரும்.

அடுத்து போஸ்ட்கியூ கட்டளையால் வரிசையைப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஓடினால் அதில் ஒன்றின் அடையாள எண்ணை எடுத்து போஸ்ட்கேட் கட்டளையால் திறந்து பாருங்கள். பிறகு அதே எண்ணை மெயில் லொக் கோப்பில் தேடுங்கள். அந்த எண் முதன்முதலில் வரும் வரியில்தான் விடை இருக்கிறது. அது நான்கில் ஒன்றாக இருக்கும்.

அந்த வரியில் கிளையன்ட் என்பதற்குப் பக்கத்தில் வெளிநாட்டு ஐபி ஒன்று, உதாரணத்துக்கு 203.0.113.45, இருந்து, பயனர் பெயர் எதுவும் இல்லையென்றால் உண்மையான திறந்த ரிலே. அமைப்பில் ஓட்டை.

அதே வெளி ஐபியோடு சாஸ்ல் யூசர்நேம் (கடவுச்சொல் கொடுத்து நுழைந்தவரின் பெயர்) என்று உங்கள் ஆள் ஒருவரின் பெயர் இருந்தால் கடவுச்சொல் களவு போயிருக்கிறது. ரிலே அமைப்பில் பிழையில்லை. எவ்வளவு பூட்டினாலும் அந்த ஆள் சாவியோடுதான் வருவார். இன்றைக்கு அதிகம் காண்பது இதைத்தான்.

கிளையன்ட் என்ற இடத்தில் 192.168.1.1, அதாவது உங்கள் சொந்த ரவுட்டரின் முகவரி இருந்தால் ரவுட்டர் வெளியாரை உள்ளூராராக வேஷம் போட்டு அனுப்புகிறது. மிகவும் சூழ்ச்சியானது இது. கீழே விரிவாகச் சொல்கிறேன்.

கிளையன்ட் என்பதே இல்லாமல், பிக்அப் என்ற நிரல் யூஐடி 33 என்று எழுதியிருந்தால் மெயில் அந்த மெஷினுக்குள்ளேயே பிறந்திருக்கிறது. டெபியன், உபுண்டுவில் 33 என்பது வெப் சேர்வரின் கணக்கு. யாரோ உங்கள் இணையத்தளத்தின் தொடர்புப் படிவத்தையோ, பழைய வேர்ட்பிரஸ் செருகுநிரலையோ பிடித்திருக்கிறார்கள்.

இந்த நான்கையும் பிரித்தறியாமல் போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் கை வைக்காதீர்கள். கடவுச்சொல் களவுபோன இடத்தில் ரிலே விதிகளை மாற்றி மாற்றி ஒரு முழு நாளைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். லொக் கோப்பையும் ஒரு பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். இலங்கையில் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. முறைப்பாடு, விசாரணை என்று வந்தால் உங்கள் பக்கம் பேசக்கூடியது அந்த லொக் மட்டும்தான்.

மைநெட்வொர்க்ஸ்: பிரச்சினையின் தாய்

போஸ்ட்கொன்ஃப் கட்டளையை என் என்ற தெரிவோடு ஓட்டினால் கோப்பில் கையால் எழுதிய அமைப்புகள் மட்டும் வரும். அதில் மைநெட்வொர்க்ஸ் வரியைத் தேடுங்கள். அங்கே உள்ள முகவரிகள் எல்லாம் கடவுச்சொல் இல்லாமல் உலகத்தின் எந்த மூலைக்கும் மெயில் அனுப்ப உரிமை பெற்றவை. 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரிகளும், என்று இருந்தால் மனித குலம் முழுவதையும் நம்புகிறீர்கள். அப்படி எழுதியவர் மெயில் போகிறதா என்று பார்த்திருப்பார், போயிருக்கும்.

வரியே இல்லையென்றால் மைநெட்வொர்க்ஸ் ஸ்டைல் என்பதைப் பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0 முதல் இதன் இயல்பு மதிப்பு ஹோஸ்ட், அதாவது இந்த மெஷின் மட்டும். அதற்கு முந்திய பதிப்புகளில் சப்நெட். சேர்வர் இருக்கும் வலைப்பின்னல் துண்டு முழுவதையும் நம்பும். வீட்டுக்குள், கந்தோருக்குள் அது பெரிய கேடாகத் தெரியாது. வாடகை விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சேர்வர்) ஒன்றில் அப்படி விட்டால், பக்கத்தில் மெஷின் எடுத்திருக்கும் முகம் தெரியாத ஆள் எல்லாம் உங்கள் நம்பிக்கைக்குரியவர் ஆகிவிடுவார். கிளாஸ் என்ற மதிப்பு இன்னும் மோசம். அது ஒரு சேவை வழங்குநரின் வாடிக்கையாளர் கூட்டத்தையே உள்ளே விடக்கூடும்.

நான் வைக்கச் சொல்வது இதுதான்: மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8 [::1]/128. இரண்டும் சேர்வர் தன்னோடு தானே பேசும் முகவரிகள். வேறு ஒன்றும் வேண்டாம். கந்தோரின் உள் முகவரிகளான 192.168 கூட வேண்டாம். கந்தோருக்குள் வைரஸ் பிடித்த ஒரு கணினி, விருந்தாளி வை-ஃபையில் வந்த ஒரு ஃபோன், இரண்டுமே 192.168தான்.

இப்படிப் பூட்டியதும் முதல் ஃபோன் எப்போதும் ஸ்கேனரைப் பற்றித்தான் வரும். சாய்ந்தமருதில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர் ஒருவரோடு பேசியது இது:

“தம்பி, மெஷின்ல ஸ்கேன் பண்ணினா மெயில் போகுதில்ல. நீங்க பூட்டின எல்லாத்தையும் திறந்து உடுங்க.”

“காக்கா, ஸ்கேன் பண்ணி ஆருக்கு அனுப்புறீங்க?”

“எங்கட கணக்குப்பிள்ளைக்குத்தான். வேற ஆருக்கு?”

“அவருக்கு நம்மட டொமைன்லதானே மெயில் இருக்கு?”

“ஓம்.”

அப்படியானால் அந்த மெஷினுக்கு ரிலே உரிமையே தேவையில்லை. பெறுநர் நம் டொமைன் என்றால் 25ஆம் போர்ட்டில் (சேர்வர்கள் மெயில் பரிமாறும் வாசல்) யார் கொண்டுவந்தாலும் சேர்வர் வாங்கும் என்று முதலிலேயே சொன்னேன். ஸ்கேனரும் அந்த “யாரும்” தான். மெஷினில் பெறுநர் முகவரி சரியா, அனுப்புநர் முகவரி என்று ஏதாவது நிரப்பியிருக்கிறதா, சேர்வரின் உள் ஐபி சரியா என்று பார்த்தால் பெரும்பாலும் முடிந்துவிடும். அங்கே தடையாக இருந்தது, மெஷின் இணைந்ததும் சொல்லும் ஹெலோ என்ற வணக்கத்தில் தன் பெயரை முழு டொமைன் பெயராகச் சொல்லாததும், சேர்வரில் அதை மறுக்கும் ஒரு விதி இருந்ததும். அந்த மெஷினின் ஒற்றை ஐபிக்கு மட்டும் அந்த ஹெலோ விதியிலிருந்து விலக்குக் கொடுத்தோம். ரிலே விதியில் கை வைக்கவில்லை.

வெளி டொமைனுக்கும் ஸ்கேன் அனுப்பத்தான் வேண்டும் என்றால் மெஷினுக்குத் தனியாக ஒரு மெயில் கணக்குத் திறந்து, ஆட்கள் மெயில் அனுப்பும் வாசலான 587ஆம் போர்ட்டில் கடவுச்சொல்லோடு நுழைய விடுங்கள். பழைய மெஷின்கள் சில புதிய டிஎல்எஸ் குறியாக்கம் பேசத் தெரியாமல் முரண்டு பிடிக்கும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அந்த மெஷினின் ஒற்றை ஐபியை /32 போட்டு மைநெட்வொர்க்ஸில் சேருங்கள். ரவுட்டரில் அந்த ஐபியை மெஷினின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியோடு கட்டிவிடுங்கள், நாளைக்கு அது வேறொரு லப்டொப்புக்குப் போகாமல்.

ரவுட்டர் போடும் வேஷம்

வெளியிலிருந்து 25ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை ரவுட்டர் உள்ளே 192.168.1.10இல் இருக்கும் சேர்வருக்குத் திருப்பிவிடுகிறது. சரியாக அமைந்த ரவுட்டர் போகுமிடத்தை மட்டும் மாற்றும். வந்தவரின் முகவரியைத் தொடாது. ஆனால் மாஸ்கரேட் விதியை, அதாவது அனுப்புகிறவரின் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றும் விதியை, எல்லைக்குறிப்பு இல்லாமல் எழுதியிருந்தால், மைக்ரோடிக் ரவுட்டரில் வெளி இடைமுகத்தைக் குறிக்காமல் ஒற்றை வரியாக எழுதுவதுபோல, உள்ளே வரும் இணைப்புக்கும் மாஸ்கரேட் விழும். சேர்வரின் கண்ணுக்கு உலகத்தார் எல்லாரும் 192.168.1.1 என்ற ஒரே ஆளாகத் தெரிவார்கள். மைநெட்வொர்க்ஸில் 192.168.1.0/24 இருந்தால் கதை முடிந்தது. கோப்பைப் படித்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். போஸ்ட்ஃபிக்ஸும் சொன்னதைத்தான் செய்கிறது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க ஆட்கள் திண்டாடுகிறார்கள்.

சோதிப்பது சுலபம். வை-ஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் சேர்வரின் வெளி முகவரிக்கு 587இல் இணைந்து பாருங்கள். சேர்வர் லொக்கில் “கனெக்ட் ஃப்ரொம்” என்ற வரியில் உங்கள் மொபைல் நிறுவனத்தின் பொது ஐபி தெரிய வேண்டும். ரவுட்டரின் உள் முகவரி தெரிந்தால் ரவுட்டரைத் திருத்துங்கள்: மாஸ்கரேட் வெளியே போகும் இடைமுகத்துக்கு மட்டும். இதைத் திருத்தாமல், பிழையான கடவுச்சொல் கொடுக்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பான் நிரலைப் போட்டால் இன்னொரு வேடிக்கை நடக்கும். எங்கோ ஒரு ரோபோ பிழையான கடவுச்சொல் கொடுக்க, ஃபெயில்2பான் தடை செய்வது உங்கள் ரவுட்டரை. கூடவே மொத்த மெயிலையும்.

டொக்கருக்குள் (நிரல்களைத் தனித்தனிக் கொண்டெய்னரில் அடைத்து ஓட்டும் முறை) போஸ்ட்ஃபிக்ஸ் ஓட்டுபவர்களுக்கும் இதே பொறி உண்டு. அமைப்பைப் பொறுத்து வெளியார் எல்லாம் 172.17.0.1 என்று தெரியலாம். கொண்டெய்னர் வலைப்பின்னலை மைநெட்வொர்க்ஸில் சேர்த்திருந்தால் அங்கேயும் திறந்த ரிலேதான்.

ரிலே விதிகள்

பதிப்பு 2.10 முதல் எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற தனி அமைப்பு வந்தது. அதற்கு முன் ரிலே விதிகளும் குப்பை மெயில் விதிகளும் ரெசிப்பியன்ட் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்ற ஒரே பட்டியலில் கிடந்தன. அந்தக் காலத்தில் வந்த ஓட்டை நினைவில் வைக்கத்தக்கது: நம்பிக்கையான அனுப்புநர் முகவரிகளை ஒரு பட்டியலில் எழுதி, பக்கத்தில் ஓகே என்று போட்டு, அதை, வெளியாரின் ரிலேயை மறுக்கும் ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன் விதிக்கு மேலே வைத்துவிடுவார்கள். அனுப்புநர் முகவரியை எவரும் எப்படியும் எழுதலாம். பட்டியலில் உள்ள ஒரு பெயரைப் போட்டுக்கொண்டு வந்த எவருக்கும் கதவு திறந்தது.

இப்போது வைக்க வேண்டிய ஒழுங்கு: பெர்மிட் மைநெட்வொர்க்ஸ், பெர்மிட் சாஸ்ல் ஆத்தென்டிகேட்டட், கடைசியில் ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன். இயல்பாக வருவதில் கடைசி விதி டிஃபர் அன்ஆத் டெஸ்டினேஷன். அது 454 என்று தற்காலிக மறுப்பைச் சொல்லும், ரிஜெக்ட் என்றால் 554 என்று நிரந்தர மறுப்பு. அமைப்பில் பிழை விட்டாலும் உண்மையான மெயில் தொலையக்கூடாது என்பதற்காக டிஃபரை இயல்பாக வைத்திருக்கிறார்கள். எல்லாம் சோதித்து முடிந்ததும் ரிஜெக்டுக்கு மாற்றுங்கள். ரோபோக்கள் திரும்பத் திரும்ப வந்து தட்டுவது குறையும்.

ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸை வெறுமையாக விட்ட கோப்புகளைப் பழைய சேர்வரிலிருந்து மேம்படுத்திய இடங்களில் பார்க்கலாம். வெறுமையாக இருந்தால் எல்லாப் பாரமும் பழைய ரெசிப்பியன்ட் பட்டியலில் விழும். அதில் ஒரு வரி தவறினால் தடுக்க யாருமில்லை. இரண்டிலும் எழுதி வையுங்கள், ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும்.

ரிலே டொமைன்ஸ் என்பதில் நீங்கள் உண்மையாகவே மாற்றுச் சேர்வராக நிற்கும் டொமைன்கள் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. ஜிமெயில்.கொம் என்று அங்கே எழுதியிருந்தால் ஜிமெயிலுக்குக் குப்பை அனுப்ப விரும்பும் எல்லாருக்கும் அழைப்பிதழ் கொடுத்ததாக அர்த்தம்.

25ஐயும் 587ஐயும் பிரித்துவிடுங்கள்

25ஆம் போர்ட் சேர்வருக்குச் சேர்வர் பேசும் இடம். ஆட்கள் மெயில் அனுப்பும் இடம் 587 அல்லது 465. இரண்டையும் கலந்து வைத்திருக்கும்வரை உலகத்து ரோபோக்கள் 25இல் வந்து கடவுச்சொல் ஊகித்துக்கொண்டே இருக்கும்.

மெயின்.சிஎஃப் கோப்பில் எஸ்எம்டிபிடி சாஸ்ல் ஆத் எனேபிள் என்பதை நோ ஆக்குங்கள். பிறகு, சேவைகளின் பட்டியலான மாஸ்டர்.சிஎஃப் கோப்பில், 587ஆம் போர்ட்டுக்குரிய சப்மிஷன் என்று தொடங்கும் வரியின் முன்னாலுள்ள ஹாஷ் குறியை எடுத்து, அதன் கீழே நான்கு விடயங்களைப் போடுங்கள்: டிஎல்எஸ் செக்யூரிட்டி லெவல் என்க்ரிப்ட், சாஸ்ல் ஆத் எனேபிள் யெஸ், ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் “பெர்மிட் சாஸ்ல் ஆத்தென்டிகேட்டட், ரிஜெக்ட்”, சென்டர் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் ரிஜெக்ட் சென்டர் லாகின் மிஸ்மாட்ச். மூன்றாவதைக் கவனியுங்கள்: அதில் மைநெட்வொர்க்ஸ் இல்லை. இந்தக் கதவில் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் கடவுச்சொல் வேண்டும். ரவுட்டர் என்ன வேஷம் போட்டாலும் இங்கே செல்லாது. ஒவ்வொரு வரியும் சிறிய ஓ தெரிவோடு, முன்னால் இடைவெளி விட்டுத் தொடங்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் போஸ்ட்ஃபிக்ஸ் அதைப் புதிய சேவை என்று எண்ணிக் குழம்பும்.

நான்காவது விதி, கணக்குப்பிள்ளையின் கடவுச்சொல்லோடு நுழைந்தவர் முதலாளியின் பெயரில் மெயில் அனுப்பாமல் பிடிக்கும். அதற்கு எஸ்எம்டிபிடி சென்டர் லாகின் மாப்ஸ் என்ற அட்டவணையில் எந்தக் கணக்குக்கு எந்த முகவரி உரியது என்று எழுத வேண்டும். இன்ஃபோ, சேல்ஸ் போன்ற பொது முகவரிகளை யார் யார் பாவிக்கிறார்கள் என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை கந்தோரே உங்களைத் தேடும்.

அடையாளம் பார்க்கும் வேலையை டவ்கொட்டிடம் விடுங்கள்: சாஸ்ல் டைப் டவ்கொட், பாத் பிரைவேட்/ஆத். டிஎல்எஸ் சான்றிதழுக்கு, அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் போதும். அது தொண்ணூறு நாளில் காலாவதியாகும் வழக்கமுள்ளது. புதுப்பிக்கும்போதே இரண்டு சேவைகளும் ரிலோட் ஆகும்படி ஒரு கொக்கியை (தானாக ஓடும் கட்டளையை) போட்டுவிடுங்கள்.

கடவுச்சொல் களவு போயிருந்தால்

கடவுச்சொல்லை மாற்றுவது மட்டும் போதாது. ஏற்கெனவே உள்ளே நுழைந்த இணைப்பு, அறுபடும்வரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். மாற்றியவுடன் டவ்கொட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். கடைப்பெயரோடு 123 சேர்த்த கடவுச்சொற்களை இந்த வட்டாரத்தில் ஊகிக்க ரோபோவே தேவையில்லை. சந்தியில் நிற்கும் பொடியன் சொல்வான்.

வேக எல்லைக்கு கிளையன்ட் மெசேஜ் ரேட் லிமிட், கிளையன்ட் ரெசிப்பியன்ட் ரேட் லிமிட் என்று இரண்டு அமைப்புகள் உண்டு. இயல்பாக 60 வினாடிக்கு ஒரு முறை கணக்குப் பார்ப்பவை. இவை ஐபி முகவரியை எண்ணுமே தவிரப் பயனரை எண்ணா. களவெடுத்த ஒரே கடவுச்சொல்லை நூறு முகவரியிலிருந்து பாவித்தால் நூறும் தனித்தனி ஆளாகத் தப்பிவிடும். பயனர்வாரி எல்லை வேண்டுமென்றால் போஸ்ட்எஃப்டபிள்யூடி போன்ற கொள்கை நிரலைச் சேர்க்க வேண்டும். மைநெட்வொர்க்ஸில் இருப்பவர்களுக்கு இந்த எல்லை இயல்பாகவே பொருந்தாது. அந்தப் பட்டியலைச் சுருக்க இன்னொரு காரணம்.

ஃபெயில்2பான் நல்லதுதான், ஆனால் நம்மூரில் அளவோடு. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பலரை அடைத்து வைத்திருக்கின்றன. ஒருவர் பழைய கடவுச்சொல்லோடு ஃபோனை வைத்திருந்தால் அதே முகவரியில் வரும் உங்கள் ஊழியர்களும் தடைப்படுவார்கள். தடை நேரத்தைக் குறைவாக வையுங்கள். கந்தோரின் சொந்த ஐபியை விலக்குப் பட்டியலில் போடுங்கள்.

உள்ளே பிறக்கும் குப்பை

வெப் சேர்வரும் மெயில் சேர்வரும் ஒரே மெஷினில் இருந்தால், ஆதரைஸ்ட் சப்மிட் யூசர்ஸ் என்ற அமைப்பால் வெப் கணக்கு நேரடியாக மெயில் போடுவதைத் தடுத்து, இணையத்தளத்துக்கும் தனிக் கணக்குக் கொடுத்து 587 வழியாக அனுப்ப வையுங்கள். இணையத்தளம் ஓடும் பிஎச்பி மொழியின் அமைப்பில் மெயில்.லொக் என்பதைத் திறந்தால் எந்தக் கோப்பு மெயில் அனுப்புகிறது என்று பெயரோடு எழுதும்.

இன்னொன்றும் உண்டு, ரிலேயே இல்லாமல். கந்தோரில் வைரஸ் பிடித்த ஒரு கணினி, சேர்வரைத் தொடாமல் நேரே வெளியே 25ஆம் போர்ட்டுக்குப் பேசும். எல்லாருக்கும் ஒரே வெளி ஐபி என்பதால் தடைப்பட்டியலில் விழுவது மெயில் சேர்வரின் பெயர். சேர்வரின் லொக்கை எவ்வளவு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. ரவுட்டரில் ஒரு விதி: வெளியே 25க்குப் போக சேர்வரின் ஐபிக்கு மட்டும் அனுமதி, மற்ற எல்லாருக்கும் மறுப்பு. இதை இன்றைக்கே செய்யுங்கள்.

வெளியிலிருந்து சோதித்தல்

சேர்வருக்குள் இருந்து சோதிப்பது ஒன்றையும் நிரூபிக்காது. 127.0.0.1 எப்போதும் நம்பிக்கைக்குரியது. கந்தோர் வை-ஃபையிலிருந்து சோதிப்பதும் அரைச் சோதனைதான். மொபைல் ஹொட்ஸ்பொட்டில் லப்டொப்பை இணைத்துப் பாருங்கள். 25 அங்கே அடைபட்டிருந்தால் வெளிநாட்டில் ஒரு மலிவு விபிஎஸ் எடுத்து அங்கிருந்து செய்யுங்கள்.

டெல்நெட் என்ற கட்டளையால் சேர்வரின் 25க்கு இணையுங்கள். 220 என்று வரவேற்கும். ஈஹெலோவுக்கு 250 வரிகள் வரும். அவற்றில் ஆத் என்ற வரி இருக்கக் கூடாது. மெயில் ஃப்ரொம் என்று ஏதாவது ஒரு வெளி முகவரியைக் கொடுங்கள், 250 (ஏற்றுக்கொண்டேன்) வரும். ஆர்சிபிடி டு என்று உங்களுடைய ஜிமெயில் முகவரியைக் கொடுங்கள். இங்கே வர வேண்டியது 554 5.7.1, “ரிலே அக்சஸ் டினைட்”. 250 வந்தால் கதவு திறந்திருக்கிறது.

அதோடு நிறுத்தாதீர்கள். அனுப்புநராக உங்கள் சொந்த டொமைனைப் போட்டு ஒரு தடவை. அனுப்புநரை வெறும் கோணக் குறிகளாக விட்டு ஒரு தடவை. பெறுநரில் வெளி முகவரியின் அட் குறியைச் சதவீதக் குறியாக்கி, பின்னால் உங்கள் டொமைனைச் சேர்த்து ஒரு தடவை. இது பழைய காலத்துச் சந்து, இன்றைய போஸ்ட்ஃபிக்ஸ் மூடியே வைத்திருக்கும், ஆனாலும் யாராவது அலவ் அன்ட்ரஸ்டட் ரூட்டிங்கை யெஸ் ஆக்கியிருந்தால் இதில்தான் தெரியும். ஸ்வாக்ஸ் என்ற கருவியைப் பாவித்தால் இதையெல்லாம் ஒவ்வொரு வரியில் முடிக்கலாம். நம் டொமைனில் இல்லாத பெயர் ஒன்றுக்கும் அனுப்பிப் பாருங்கள். வாங்கிவிட்டுப் பிறகு திருப்பி அனுப்பும் சேர்வர், பொய்யான அனுப்புநர் முகவரிகளுக்கெல்லாம் குப்பையைத் தள்ளும். வாசலிலேயே 550 சொல்ல வேண்டும்.

வரிசையைத் துப்புரவாக்கி, பெயரை மீட்டல்

வரிசையை நிர்வகிக்கும் போஸ்ட்சூப்பரில் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை இருக்கிறது. கை அரிக்கும், அடக்குங்கள். குப்பைக்குள் மருதமுனை நெசவுக்காரர் ஒருவருக்குப் போக வேண்டிய ஓடரும் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் ஹோல்டில் (நிறுத்திவைப்பில்) போட்டு, நம் ஆட்கள் உண்மையில் அனுப்பியவற்றைத் தேர்ந்தெடுத்து விடுவித்து, மீதியை அழியுங்கள். பதிப்பு 3.1 முதல் போஸ்ட்கியூ வரிசையை ஜேசன் வடிவில் தரும். அனுப்புநர்வாரியாகப் பிரிக்க அது உதவும். முடிந்ததும் டிஃபர் டிரான்ஸ்போர்ட்ஸை வெறுமையாக்கி ரிலோட் செய்ய மறக்க வேண்டாம்.

பிறகு தடைப்பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் உங்கள் ஐபியைத் தேடுங்கள். பட்டியலில் இருந்தால் ஓட்டையை அடைத்த பிறகு அங்கேயே விடுவிப்புக் கேட்கலாம். அதற்குக் காசு கேட்பதில்லை. அடைக்காமல் கேட்டால் மறுபடி விழுவீர்கள், அடுத்த தடவை வெளியே வருவது இன்னும் கடினம். 2024 பெப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களிடம் எஸ்பிஎஃப் (எந்த ஐபி உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பதிவு), டிகிம் (மெயிலில் சேர்வர் போடும் கையொப்பம்) முதலியவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன. இவை வேண்டியவைதான். ஆனால் திறந்த ரிலேக்கு இவை மருந்தல்ல: குப்பை போவது உங்கள் சொந்த ஐபியிலிருந்து, அந்த ஐபி உங்கள் எஸ்பிஎஃப் பதிவில் இருக்கிறது, சேர்வர் அதற்கு டிகிம் கையொப்பமும் போட்டுக் கொடுக்கக்கூடும். உங்கள் டொமைன் பெயரில் போகும் குப்பை சோதனைகளில் சித்தியடையக்கூடும்.

பின்தேடல் பதிவை (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) இணையச் சேவை வழங்குநரிடம் கேட்டு உங்கள் மெயில் சேர்வரின் பெயருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கண்காணிப்பு

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வரிசையின் நீளத்தை எண்ணி, வழமையைத் தாண்டினால் ஃபோனுக்குச் செய்தி அனுப்பும் ஒரு கிரொன் வேலை போதும். அந்தச் செய்தியை மெயிலில் அனுப்ப வைக்காதீர்கள். அடைபட்ட வரிசையில் அதுவும் போய் நிற்கும். நாளுக்கு ஒரு முறை லொக்கைச் சுருக்கித் தரும் பிஎஃப்லொக்சம் அறிக்கையில் அதிகம் அனுப்பியவர் பட்டியலை மட்டும் ஒரு பார்வை பாருங்கள். ஞாயிறு பின்னிரவில் கணக்குப்பிள்ளை முதலிடத்தில் நின்றால் கேட்க வேண்டிய கேள்வி அது.

மாரி தொடங்கினால் முழக்கமும் மின்னலும் ரவுட்டர்களைத் தின்னும். புதியதைப் பூட்டுபவர் போர்ட் திருப்பலைத் தன் வழக்கப்படி எழுதுவார், மாஸ்கரேட்டும் அவர் வழக்கப்படியே விழும். ஆகவே இயங்கும் ரவுட்டரின் அமைப்பை ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் வையுங்கள். ரவுட்டர் மாறிய அன்றே மொபைல் டேட்டாவில் 587க்கு இணைந்து லொக்கில் முகவரியைப் பாருங்கள், 25இல் அந்த நாலு வரிச் சோதனையையும் மறுபடி ஓட்டுங்கள். 554 வராமல் கந்தோரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.